உறையாத குருதியும் ஓர் எழுத்தும்: உயிர்ச்சத்து 'கே' கண்டறியப்பட்ட வரலாறு



உயிர்ச்சத்துகளைப் பற்றிய பாடத்தை நடத்தும்போது மாணவர்களிடமிருந்து தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. "ஏ, பி, சி, டி, இ என்று வரிசையாக வந்த எழுத்துகள் திடீரென்று 'கே'க்குத் தாவியது ஏன் ஐயா?" என்பதே அது. குருதி உறைதலைக் குறிக்கும் 'கோஆகுலேஷன்' என்னும் சொல்லை டென்மார்க்கிலும் ஜெர்மனியிலும் 'கே' என்னும் எழுத்தில் தொடங்கி எழுதுவர். அதனால் அப்பெயர் வந்தது என்று ஒரே வரியில் விடை சொல்லிவிடலாம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லி வந்தேன். ஆனால் அந்த ஓர் எழுத்துக்குப் பின்னால் கோழிக்குஞ்சுகளும் எலிகளும் முயல்களும் மாடுகளும் உயிர்கொடுத்த நீண்டதொரு வரலாறு இருக்கிறது. அவ்வரலாறு நம் வீட்டுத் தொட்டில் வரைக்கும் வந்து நிற்கிறது. அதனை ஆசிரியர்களோடும் பெற்றோர்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேடியது ஒன்று, கண்டது வேறொன்று

1920களின் பிற்பகுதி. டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் ஹென்ரிக் டாம் என்னும் உயிர்வேதியியல் அறிஞர் கொழுப்பைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். உணவில் கொலஸ்டரால் இல்லாவிட்டால் கோழிக்குஞ்சு அதனைத் தன் உடலிலேயே உருவாக்கிக்கொள்ளுமா என்பதே அவர் எழுப்பிய கேள்வி. எனவே, கொழுப்புப் பொருள்கள் முற்றிலும் நீக்கப்பட்ட செயற்கைத் தீவனத்தைத் தயாரித்து, முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த குஞ்சுகளுக்குக் கொடுத்து வளர்த்தார். அன்றைய அறிவின்படி தேவையென்று கருதப்பட்ட உயிர்ச்சத்து ஏ, டி ஆகியவற்றைத் தனியே சேர்த்துக் கொடுத்தார்.

அவர் எழுப்பிய கேள்விக்கு விடை கிடைத்தது. குஞ்சுகள் கொலஸ்டராலைத் தாமே உருவாக்கிக்கொண்டன. ஆய்வு அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் அத்தீவனத்தை உண்ட குஞ்சுகள் சிலவற்றில் தோலுக்கடியிலும் தசைகளிலும் உள்ளுறுப்புகளிலும் குருதி கசிந்திருந்தது. அவற்றின் குருதியை எடுத்துச் சோதித்தபோது, அது உறைவதற்கு வழக்கத்தைவிட மிக நீண்ட நேரம் பிடித்தது.

கொலஸ்டராலுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வேறொருவராக இருந்திருந்தால், "சில குஞ்சுகள் நோயுற்றன" என்று குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிவிட்டு மேலே சென்றிருக்கக்கூடும். டாம் அதனை 1929இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையிலேயே பதிவு செய்தார். பிறகு அந்தக் குருதிக்கசிவையே தம் அடுத்த ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார்.

ஒவ்வொன்றாக விலக்கிய ஆறு ஆண்டுகள்

நம் பள்ளிகளில் அறிவியல் செயற்பாங்குத் திறன்களைக் கற்பிக்கிறோம்; உற்றறிதல், கருதுகோள் உருவாக்குதல், மாறிகளைக் கட்டுப்படுத்துதல் என்று பட்டியலிட்டு மனனம் செய்ய வைக்கிறோம். இவை அனைத்துக்கும் ஒரே எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், டாம் அடுத்து மேற்கொண்ட ஆய்வுகளையே நான் பரிந்துரைப்பேன்.

குருதிக்கசிவு என்றதும் அக்காலத்தவர் நினைவுக்கு முதலில் வந்தது ஸ்கர்வி நோய்தான். கடலோடிகளின் ஈறுகளில் குருதி வடியச் செய்த அந்நோய் உயிர்ச்சத்து சி குறைவால் வருவது. எனவே குஞ்சுகளுக்கு எலுமிச்சைச் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார், பயனில்லை. பின்னர்த் தூய உயிர்ச்சத்து சி கிடைக்கத் தொடங்கியதும் அதனையும் அளித்துப் பார்த்தார், அப்போதும் பயனில்லை. கொலஸ்டரால் நீக்கப்பட்டதுதான் காரணமோ என்று அதனைத் திரும்பச் சேர்த்தார், கசிவு நிற்கவில்லை. கொழுப்பு போதவில்லையோ என்று எண்ணெய்களைச் சேர்த்தார், அதுவும் கைகொடுக்கவில்லை. மீனெண்ணெயும் உதவவில்லை.

ஆனால் தானியங்களையும் விதைகளையும் தீவனத்தில் மிகுதியாகக் கலந்தபோது குஞ்சுகள் பிழைத்தன. பச்சை இலைகளும் பன்றியின் ஈரலும் இன்னும் நன்றாகக் காத்தன. அவற்றிலுள்ள காக்கும் பொருள் கொழுப்பில் கரையக்கூடியது. எனினும், அதுவரை அறியப்பட்டிருந்த ஏ, டி, இ ஆகிய மூன்றில் எதுவும் அன்று. ஆகவே இது புதியதோர் உயிர்ச்சத்தாகத்தான் இருக்க வேண்டும் என்னும் முடிவுக்கு வந்து, 1935இல் அதற்கு 'உயிர்ச்சத்து கே' என்று பெயரிட்டார். வேறு உயிர்ச்சத்துகளுக்கு அதுவரை யாரும் சூட்டாதிருந்த முதல் எழுத்தாகவும் 'கே' அமைந்திருந்தது அவருக்கு வசதியாயிற்று.

டாமைத் தவிர, இதே காட்சியைக் கண்ட பிறரும் இருந்தனர். கனடாவின் ஒண்டாரியோ வேளாண் கல்லூரியில், கொழுப்பு நீக்கப்பட்ட மீன்தூளைத் தின்ற குஞ்சுகள், அடையாள வில்லையைப் பொருத்துவதற்காக இறக்கையில் குத்திய சிறு காயத்திலிருந்தே குருதி வடிந்து மாண்டன. இது 1931இல் பதிவாகியது. கலிபோர்னியாவில் 1933இல் இந்நோயைக் கண்ட இருவர், முட்டைக்கோஸ் அதனைக் குணப்படுத்துவதையும் கண்டனர். எனினும் அதனை ஸ்கர்வி போன்றதொரு நோய் என்றே கருதினர். காட்சி எல்லாருக்கும் ஒன்றுதான். பழைய விடை பொருந்தவில்லை என்று தெரிந்த பிறகும் விடாமல் தேடியதுதான் டாமின் தனிச்சிறப்பு.

சில வாரங்களில் நழுவிய புகழ்

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஹெர்மன் ஆல்ம்குவிஸ்ட், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் ஆகிய இருவரும் டாமின் முயற்சியோடு தொடர்பின்றி இதே ஆய்வில் ஈடுபட்டிருந்தனர். குதிரைமசால் என்னும் பசுந்தீவனத்தில் காக்கும் பொருள் இருப்பதை அவர்கள் கண்டனர். அத்துடன் வியப்பான மற்றொன்றையும் கண்டனர். நல்ல மீன்தூளைத் தின்ற குஞ்சுகள் நோயுற்றன. ஈரம்பட்டு அழுகிய மீன்தூளைத் தின்றவையோ நலமாயிருந்தன! அழுகச் செய்யும் நுண்ணுயிர்களே அச்சத்தை உருவாக்குகின்றன என்பது இதனால் புலப்பட்டது.

அவர்களுடைய கட்டுரை முதலில் பல்கலைக்கழக நிர்வாகத்தில் தேங்கியது. பிறகு ஓர் அறிவியல் இதழ் அதனைத் திருப்பி அனுப்பியது. இறுதியில் 'நேச்சர்' இதழில் 1935 ஜூலையில் வெளிவந்தபோது, டாமின் கட்டுரை அதே இதழில் ஏப்ரலிலேயே வெளிவந்துவிட்டது.

1939இல் டாமும் சூரிக் நகரின் பால் காரரும் பச்சை இலையிலிருந்து இச்சத்தைத் தூய நிலையில் பிரித்தெடுத்தனர். அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் டொய்சியின் குழுவினர் இலையிலிருந்து கே1, அழுகிய மீன்தூளிலிருந்து கே2 என இரு வகைகளைப் பிரித்து, அவற்றின் வேதியியல் அமைப்பையும் விளக்கினர். 1943ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசு டாமுக்கும் டொய்சிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஜெர்மானியப் படை 1940இல் டென்மார்க்கைக் கைப்பற்றியபோது டாம் அமெரிக்காவில் இருந்தார். போர்க்காலம் முழுவதும் அங்கேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். பெர்க்லி அறிஞர்கள் இருவரின் பெயரும் பரிசுப் பட்டியலில் இடம்பெறவில்லை.

பொத்தான் துளை இல்லாத சட்டை

உயிர்ச்சத்து கே இல்லாத விலங்கின் உடலில் உண்மையில் நிகழ்வது என்ன?

காயம் பட்டவுடன் குருதியிலுள்ள புரோத்ராம்பின் என்னும் புரதம் திராம்பினாக மாறும். திராம்பின், ஃபைப்ரினோஜன் என்னும் மற்றொரு புரதத்தை ஃபைப்ரின் இழைகளாக மாற்றும். அவ்விழைகள் வலைபோல் பின்னிக் குருதியணுக்களைப் பிடித்து வைத்துக் காயத்தை அடைக்கும். நோயுற்ற குஞ்சுகளின் குருதியில் புரோத்ராம்பினின் செயல்திறன் குறைந்திருப்பதை டாமும் அவருடைய உடனாய்வாளர்களும் 1936இல் காட்டினர்.

இச்சத்து புரோத்ராம்பினுக்கு என்னதான் செய்கிறது என்னும் கேள்விக்கு விடை கிடைக்க மேலும் ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆயின. உயிர்ச்சத்து கேயின் வேலையைத் தடுக்கும் மருந்து கொடுக்கப்பட்ட மாடுகளின் புரோத்ராம்பினையும் இயல்பான மாடுகளின் புரோத்ராம்பினையும் சுவீடனின் யோகான் ஸ்டென்ஃப்ளோ ஒப்பிட்டு, 1974இல் முடிவை வெளியிட்டார். மருந்துண்ட மாடுகளும் அப்புரதத்தை உருவாக்கத்தான் செய்தன. ஆனால் அதன் முனையிலுள்ள 10 குளூட்டாமிக் அமிலப் பகுதிகளில் சேர வேண்டிய சிறு வேதிக்குழு ஒன்று சேரவில்லை. அது சேர்ந்தால்தான் புரதம் கால்சியத்தைப் பற்றிக்கொண்டு காயம்பட்ட இடத்தில் ஒட்டும்.

மாணவர்களுக்கு நான் இதனை இப்படி விளக்குவதுண்டு. தையற்காரர் சட்டையைத் தைத்துவிட்டார், பொத்தான்களும் இருக்கின்றன, ஆனால் பொத்தான் துளையை மட்டும் போடவில்லை. சட்டை முழுமையாகத்தான் தோன்றும், அணியத்தான் முடியாது. ஈரலில் உருவாகும் புரதத்திற்குத் துளை போட்டுக் கொடுக்கும் பணியே உயிர்ச்சத்து கேயினுடையது. கால்சியமே பொத்தான். குருதி உறைவதற்குத் துணைபுரியும் காரணிகளுள் 2, 7, 9, 10 ஆகிய நான்கும் இச்சத்தை நம்பியிருக்கின்றன.

எலிகள் ஏன் எளிதில் நோயுறவில்லை?

ஆய்வுக்கூடம் என்றாலே எலிதான் நினைவுக்கு வரும். ஆனால் இந்த வரலாற்றில் முதலிடம் கோழிக்குஞ்சுக்கே. காரணம், உயிர்ச்சத்து கே நீக்கப்பட்ட உணவை எலிக்குக் கொடுத்தாலும் அது எளிதில் நோயுறுவதில்லை. அதன் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அச்சத்தை உருவாக்கித் தருகின்றன. எலி தன் கழிவை மீண்டும் உண்ணும் இயல்புடையது. ஆதலால் நுண்ணுயிர்கள் உருவாக்கிய சத்து அதற்கு மறுபடியும் கிடைத்துவிடுகிறது. கழிவை உண்ண முடியாதபடி தடுத்தபோது எலிகளுக்கும் குறைபாடு உண்டாயிற்று.

1959இல் சுவீடனின் பெங்ட் குஸ்டாஃப்சன், நுண்ணுயிர் எதுவும் அண்டாத தனிக்கூண்டில் பிறப்பிலிருந்தே வளர்க்கப்பட்ட எலிகளுக்கு இவ்வுணவைக் கொடுத்தார். அவை விரைவிலேயே குருதிக்கசிவுக்கு ஆளாயின; அதே உணவை உண்ட சாதாரண எலிகளோ தப்பித்தன. இந்த எலிகளைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டிலுக்கு வரும்போது மீண்டும் தேவைப்படும்.

கெட்டுப்போன தீவனத்திலிருந்து செம்பனைத் தோட்டம் வரை

டாமின் குஞ்சுகளுக்கு முன்பே வட அமெரிக்காவின் மாட்டுப் பண்ணைகளில் இதே போன்றதொரு கொடுமை நடந்தது. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும், கொம்பு அறுப்பது போன்ற சிறு காயங்களிலிருந்தும் குருதி நிற்காமல் மாடுகள் மடிந்தன. கனடாவின் கால்நடை மருத்துவர் ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட், ஸ்வீட் குளோவர் என்னும் தீவனச்செடியின் பூஞ்சணம் பிடித்த வைக்கோலே காரணம் என்று கண்டறிந்தார். ஒரே போரிலிருந்து நல்ல தண்டுகளையும் கெட்ட தண்டுகளையும் தனித்தனியே பிரித்தெடுத்து முயல்களுக்குக் கொடுத்தார். நல்லவற்றைத் தின்றது பிழைத்தது. கெட்டவற்றைத் தின்றது குருதிக்கசிவால் இறந்தது.

1933 பிப்ரவரியில், கடும் பனிப்புயலையும் பொருட்படுத்தாமல் விஸ்கான்சின் மாநில விவசாயி ஒருவர் சுமார் 300 கிலோமீட்டர் வண்டியோட்டி மேடிசன் நகரை அடைந்தார். அவர் வண்டியில் இறந்துபோன கிடாரி ஒன்றும், கெட்டுப்போன வைக்கோலும், பால்கலம் ஒன்றில் உறையாத குருதியும் இருந்தன. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் அவரை எதிர்கொண்டவர் கார்ல் பால் லிங்க். அவருடைய குழுவினர் 1939இல் அந்த நச்சுப்பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். டைகூமரால் என்று பெயர்பெற்ற அது, உயிர்ச்சத்து கேயின் வேலையைத் தடுக்கும் பொருள். அதன் வழிவந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. ஆய்வுக்கு நிதியளித்த விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆய்வு அறக்கட்டளையின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துகளிலிருந்து பிறந்ததே 'வார்ஃபரின்' என்னும் பெயர்.

1951இல் அமெரிக்கப் படைவீரர் ஒருவர் அந்த எலி மருந்தைப் பெருமளவில் உட்கொண்டுவிட்டார். உயிர்ச்சத்து கே கொடுக்கப்பட்டதும் முழுமையாக நலமடைந்தார். நஞ்சுக்கு மாற்று கைவசம் இருப்பது உறுதியானதும், குருதிக்கட்டிகளால் அவதியுறும் மனிதர்களுக்கு அதனையே அளவோடு கொடுக்கலாம் என்னும் துணிவு வந்தது. 1954இல் அது மனிதர்களுக்கான மருந்தாக ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டு மாரடைப்புக்கு ஆளான அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கும் வழங்கப்பட்டது.

மலேசியாவில் செம்பனைத் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு வார்ஃபரின் புதிதன்று. பழங்களைத் தின்றழிக்கும் எலிகளை ஒழிக்கப் பல ஆண்டுகள் அதுவே இரையில் கலந்து வைக்கப்பட்டது. 1980களில் அம்மருந்துக்கு அஞ்சாத எலிகள் பெருகிவிட்டது தெரியவந்தது. பல தோட்டங்களில் கூண்டுகள் அமைத்துக் கூகைகளை வளர்க்கத் தொடங்கியமைக்கு இதுவும் ஒரு காரணம்.

வார்ஃபரின் உட்கொள்ளும் தாத்தா பாட்டிமார் நம் வீடுகளிலும் இருக்கலாம். முருங்கைக்கீரை, பசளைக்கீரை போன்ற பச்சை இலைகளில் உயிர்ச்சத்து கே நிறைந்துள்ளது. அவர்கள் கீரையை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் மிகுதியாகவும் மறுவாரம் அறவே இன்றியும் உண்ணாமல், அளவை ஒரே சீராக வைத்துக்கொள்வதுதான் முக்கியம். மாற்றம் எதுவானாலும் மருத்துவரிடம் கேட்டுச் செய்வதே நன்று.

தொட்டிலுக்கு வந்த ஆய்வு

பிறந்த சில நாள்களில் பச்சிளங்குழந்தைகள் சிலருக்குக் காரணமின்றிக் குருதி கசியும் நோயை 1894இலேயே பாஸ்டன் நகர மருத்துவர் ஒருவர் விவரித்திருந்தார். ஏன் வருகிறது என்பது அப்போது தெரியாது. டாமின் குஞ்சுகள் அதற்கு விளக்கம் தந்தன. தாயின் உடலிலிருந்து நச்சுக்கொடி வழியாக உயிர்ச்சத்து கே மிகக் குறைவாகவே கருவுக்குச் செல்கிறது. பிறந்தவுடன் குழந்தையின் குடலில் நுண்ணுயிர்கள் போதிய அளவில் குடியேறியிருப்பதில்லை. அந்தச் சுவீடன் எலிகளின் நிலையை ஓரளவு ஒத்த நிலை இது. தாய்ப்பாலிலும் இச்சத்து குறைவு. தாய்ப்பாலின் மேன்மையை இது எவ்வகையிலும் குறைக்காது. ஆனால் இந்த ஒரு சத்தை மட்டும் நாம்தான் தனியே கொடுக்க வேண்டியிருக்கிறது.

1944இல் சுவீடனில் 13,000க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் உயிர்ச்சத்து கே கொடுத்தபோது, குருதிக்கசிவால் நேரும் இறப்புகள் பெரிதும் குறைந்தன. தொடக்கத்தில் பயன்பட்ட செயற்கை வகை, அதிக அளவில் கொடுக்கப்பட்டபோது குறைமாதக் குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலையை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. 1961இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் உயிர்ச்சத்து கே கொடுக்கப் பரிந்துரைத்தது. இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிறந்தவுடன் குழந்தையின் தொடையில் போடப்படும் ஊசிகளுள் ஒன்று இதுதான். அளவு ஒரு மில்லிகிராம் மட்டுமே.

"பிறந்த பிள்ளைக்கு ஊசி எதற்கு? இயற்கையாகவே இருக்கட்டுமே" என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. அக்கேள்வியில் தவறில்லை, பிள்ளைமீதுள்ள அன்பினால் எழுவதுதான் அது. 1992இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வொன்று, இந்த ஊசிக்கும் குழந்தைப்பருவப் புற்றுநோய்க்கும் தொடர்பிருக்கலாம் என்று ஐயம் எழுப்பியதும் உண்மையே. ஆயினும் அதன்பின் வெவ்வேறு நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகள் அந்த ஐயத்தை உறுதிப்படுத்தவில்லை. ஊசியை மறுப்பதால் வரக்கூடிய கேடோ உறுதியானது. இக்குறைபாட்டு நோயின் தாமதமான வகை, குழந்தை பிறந்து இரண்டு வாரத்திலிருந்து சில மாதங்கள் வரை, நன்றாகப் பால் குடித்து வளர்ந்துவரும் வேளையிலே தோன்றும். பெரும்பாலும் மூளையில்தான் குருதி கசியும். உயிர் பிழைத்தாலும் ஊனம் நேரலாம். எல்லாக் குழந்தைக்கும் இது வருவதில்லை. மிக அரிதாகவே வரும். ஆனால் யாருக்கு வரும் என்பதை முன்கூட்டியே சொல்ல வழியில்லை. அதனால்தான் எல்லாருக்கும் போடுகிறார்கள்.

வகுப்பறையில் சொல்ல வேண்டியவை

இந்த வரலாற்றை மாணவர்களிடம் கூறினால், "பாவம் ஐயா, அந்தக் குஞ்சுகள்" என்று சொல்லும் பிள்ளை ஒன்றேனும் இருக்கும். அதனைச் சிறுபிள்ளைத்தனம் என்று நாம் தள்ளிவிடக் கூடாது. ஆய்வு விலங்குகளைக் குறித்த அதே கவலையோடு, 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் பிரித்தானிய அறிஞர்கள் இருவர் மூன்று நெறிகளை வகுத்தனர். விலங்குக்கு மாற்றுவழி இருந்தால் அதனைப் பயன்படுத்துவது, எண்ணிக்கையைக் குறைப்பது, துன்பத்தைக் குறைப்பது என்பவையே அவை. அந்தப் பிள்ளையின் இரக்கமும் அறிவியலின் ஒரு பகுதியே என்று சொல்லிக்கொடுப்போம்.

மற்றொன்று ஆசிரியர்களுக்கு. வகுப்பில் பரிசோதனை செய்யும்போது, எதிர்பார்த்த விடை வராத மாணவன் பக்கத்து நண்பனின் விடையைப் பார்த்துத் தன் அட்டவணையை அழித்துத் திருத்திக்கொள்வதை நாம் அனைவரும் கண்டிருப்போம். மதிப்பெண் முக்கியம் என்று கண்டும் காணாமல் இருந்துவிடுகிறோம். அழிப்பானை எடுக்கும் கையைத் தடுத்து, "நீ கண்டதை அப்படியே எழுது, ஏன் அப்படி வந்தது என்று சேர்ந்து பார்ப்போம்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். டாம் தேடாத ஒன்றைத் தம் குறிப்பேட்டில் அழிக்காமல் வைத்திருந்ததனால்தான், இன்று பிறக்கும் குழந்தைகளுக்கு அந்த ஒரு மில்லிகிராம் கிடைக்கிறது.